ஜவாப்தாரி

கணிப்பொறிக்கு நிரல் எழுதும் உத்தியோகத்தில் நான் சேர்ந்தது 1983-ஆம் ஆண்டில். அந்நாளில் இப்படியொரு தொழில் உண்டென்பதை அறிந்தவர்கள் சென்னையிலேயே சொற்பமாதலால், விசாரித்த உறவினர்களுக்கெல்லாம் என் தாயார், "கம்ப்யூட்டரிலே கணக்கு எழுதுகிறான்" என்று விடை சொல்லி வந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இத்தொழிலிலேயே காலம் கழித்த பிறகு யோசித்துப் பார்க்கையில், அதைவிடச் சரியான வர்ணனை வேறு கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மண்டியில் உட்கார்ந்து கணக்கப்பிள்ளை எழுதியதும் பிறர் பணத்தின் வரவு செலவு. நாங்கள் எழுதியதும் அதுவே. ஒரு விஷயத்தில்தான் அவருக்கும் எங்களுக்கும் வித்தியாசம். பேரேட்டில் ஒரு தொகை இரு முறை ஏறிவிட்டால், முதலாளி கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, அவருடைய கையெழுத்தையே அவருக்குக் காட்டி, "இது என்ன?" என்று கேட்கலாம், அவரும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, பிழையானால் பிழையென்று ஒப்புக்கொள்வார். நாங்கள் எழுதிய கணக்குக்கு அப்படிக் கூப்பிட்டுக் கேட்க ஆள் இல்லை. எழுதியவன் சென்னையில் ஒரு மாடியறையில் இருப்பான். பிழையோ, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், அவன் முகத்தையே பார்த்திராத ஒருவர் தலையில் விழும். கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவனை ஜவாப்தாரி என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் தொழிலில் இடம் உண்டா என்று நான் தேடிய கதையையே இங்கு எழுதுகிறேன்.

ஆரம்ப வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐ.சி.எல். என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் யந்திரம் ஒன்றில் கோபோல் மொழியைக் கற்றேன். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் நிரலை எழுதிக் கொடுத்தால், வேறொருவர் அதைத் தட்டித் தருவார். மறுநாள் காலையில் அகலமான காகிதத்தில் விடை வரும். பிழை இருந்தால் அந்த நாள் போயிற்று. ஒரு பிழைக்கு ஒரு நாள் என்று விலை கொடுத்துக் கற்றதனால், எழுதியதை இரு முறை படித்துப் பார்க்கும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு வந்தது. ஐ.சி.எல். என்ற பெயர் இக்கட்டுரையில் மறுபடியும் வரும்.

1992-இல் நான் வேலை பார்த்த கம்பெனி, பொதுமக்களிடம் மாதந்தோறும் கட்டணம் வாங்கும் ஒரு ஸ்தாபனத்துக்கு வசூல் நிரல் எழுதிக் கொடுத்திருந்தது. இரண்டின் பெயரும் இங்கு வேண்டாம். காவேரிக் கரையிலுள்ள ஒரு நகரத்தில் அந்த ஸ்தாபனத்தின் வசூல் கவுண்டர். அங்கே ஒரு கணிப்பொறி, ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். பணம் கட்ட வந்தவரின் இணைப்பு எண்ணையும் தொகையையும் குமாஸ்தா தட்டினால் ரசீது அச்சாகி வரும்; ரசீது கட்டியவரோடு போய்விடும்; அலுவலகத்தில் மிஞ்சுவது யந்திரத்துக்குள் இருக்கும் பதிவு மட்டுமே. மாலையில் கவுண்டரை அடைத்ததும் அன்றைய மொத்த வசூல் ஒரே வரியாக அச்சாகும். விவரமெல்லாம் ஃப்ளாப்பியில் ஏறி மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். அந்த ஒரு வரியோடு மேஜையிலுள்ள ரொக்கம் ஒத்துப்போனால் வீட்டுக்குக் கிளம்பலாம்; குறைந்தால், குறைந்ததைக் குமாஸ்தா தம் கையிலிருந்து போட வேண்டும்.

அந்தக் கவுண்டரில் இருந்த அம்மையாருக்கு இரண்டு மாதங்களில் நான்கு முறை குறைந்தது. மொத்தம் 2,317 ரூபாய். முதல் இரண்டு முறை மௌனமாகக் கைப்பணம் போட்டார். மூன்றாம் முறை மெமோ வந்தது. நான்காம் முறைக்கு வளையலை அடகு வைத்துக் கட்டியதோடு விசாரணை நோட்டீஸும் வாங்கிக்கொண்டார். மெமோ வந்த பிறகு அவர் ஒரு காரியம் செய்திருந்தார்: நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ரசீது போடும் ஒவ்வொரு தொகையையும் தம் கையால் அதில் எழுதி, மாலையில் கூட்டிப் பார்த்து வந்தார். நான்காம் முறை குறைந்த அன்றும் நோட்டின் கூட்டுத்தொகை ரொக்கத்தோடு பைசா பிசகாமல் ஒத்திருந்தது. ஒத்துவராதது யந்திரத்தின் தொகைதான். இதை அவர் மேலதிகாரியிடம் காட்டியபோது, "மனுஷர் எழுதுவது தப்பாகலாம், மிஷின் எழுதுவது எப்படியம்மா தப்பாகும்?" என்று அவர் கேட்டாராம். அந்த அதிகாரி கெட்டவர் அல்லர். யந்திரத்துக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை, சம்பளம் வாங்குபவருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று உலகம் நினைப்பதையே அவரும் நினைத்தார்.

விசாரணைக்கு முன் சம்பிரதாயமாக நிரலைச் சோதித்து, குறையில்லையென்று எழுதிக் கொடுப்பதற்காக என்னை அனுப்பினார்கள். அவ்வாறே எழுதிக் கொடுக்கும் எண்ணத்தோடுதான் நானும் பஸ் ஏறினேன். இரண்டு நாள் சோதித்ததில் ஒரு குறையும் அகப்படவில்லை. அம்மையார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்டதற்கு மட்டும் விடை சொன்னார். "எனக்கு மிஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது சார். என் நோட்டு எனக்குத் தெரியும்" என்றார்.

மூன்றாம் நாள் முற்பகல் பதினொரு மணியளவில் கரெண்ட் போயிற்று. வாட்ச்மேன் பெரியவர் பின்கட்டுக்குப் போய் ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டு வந்து, சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு நோட்டை எடுத்துப் பென்சிலால் எதையோ குறித்தார். என்னவென்று கேட்டேன். "டீசல் கணக்கு சார். கரெண்டு போன நேரம், வந்த நேரம் எழுதினாத்தான் டீசலுக்குப் பணம் தருவாங்க" என்றார். அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். பணம் குறைந்த நான்கு தேதிகளும் அதில் இருந்தன. நான்கும் கவுண்டர் நேரத்தில் கரெண்ட் போன நாட்கள். ஆனால் அந்த இரண்டு மாதங்களில் அப்படிப் போன நாட்கள் மொத்தம் பத்தொன்பது. மற்றப் பதினைந்து நாட்களில் ஏன் பணம் குறையவில்லை என்ற கேள்வியோடு அன்றிரவு முழுதும் நிரலின் அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நிரல் எழுதாதவர்களுக்கும் விளங்கும்படி விடையைச் சொல்கிறேன். தொகையைத் தட்டியவுடன் நிரல் முதலில் பதிவை வட்டில் எழுதும். பிறகு ரசீதை அச்சிடும். அந்தப் பிரிண்டர் ஒரு ரசீதை அச்சிட்டு முடிக்க ஏழெட்டு விநாடி பிடிக்கும். அந்த ஏழெட்டு விநாடிக்குள் கரெண்ட் போனால், பதிவு உள்ளே ஏறியிருக்கும், ரசீது வெளியே வந்திராது. கரெண்ட் வந்ததும், ரசீது வராத காரணத்தால், குமாஸ்தா அதே தொகையை மீண்டும் தட்டுவார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். யந்திரத்தின் கணக்கில் தொகை இரு முறை. மேஜையில் ஒரு முறை வந்த பணம். மற்றப் பதினைந்து நாளும் அந்த விநாடிகளுக்கு வெளியே கரெண்ட் போயிருந்தது. பாதியில் நின்ற பதிவைத் தேடி நீக்கும் வேலையை, மறுபடி துவங்கும்போது நிரல் செய்திருக்க வேண்டும். அதை எழுதாமல் விட்டவன் நான். சென்னையில் எங்கள் அறைக்கு பேட்டரி வசதி இருந்தபடியால், ரசீது பாதி அச்சாகும்போது கரெண்ட் போகும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. மாவட்ட அலுவலகத்திலிருந்த ஃப்ளாப்பிகளை வரவழைத்துப் பார்த்தேன்: நான்கு தேதியிலும் ஒரே இணைப்பு எண், ஒரே தொகை, சில நிமிஷ இடைவெளியில் இரு முறை. அந்த நான்கு இணைப்புக்காரர்களுக்கும் அடுத்த மாதப் பில் குறைந்து வந்திருக்கும். பில் குறைந்து வந்ததென்று புகார் எழுதுவார் யாருமில்லை. பிழை அவ்வளவு காலம் வெளிச்சத்துக்கு வராமல் இருந்தது அதனால்தான்.

திருத்தம் பதினொரு வரி. சென்னைக்குத் திரும்பி அறிக்கை எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, 'பிழை' என்ற சொல்லை அடித்து, மேலே 'அபிவிருத்தி' என்று எழுதினார். "பிழையென்று எழுதினால் எல்லா ஊரிலும் பணம் திருப்பிக் கேட்பார்கள். திருத்தி அனுப்பிவிடு. இனிமேல் யாருக்கும் குறையாது, அதுதானே வேண்டும்?" என்றார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, இரண்டு குழந்தைகள், அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவும் அன்று எனக்குப் பட்டது. திருத்திய நிரல் எல்லா ஊர்களுக்கும் போயிற்று. கூடவே போன கடிதத்தில், மின்தடைக்குப் பின் துவங்கும் வசதி அபிவிருத்தி செய்யப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவனும் நான்தான்.

பதினொரு மாதம் கழித்து வேறு வேலையாக அதே ஊருக்குப் போனபோது கவுண்டரில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பின்கட்டில் வாட்ச்மேன் பெரியவரிடம் விசாரித்தேன். "அந்தம்மாவ மாத்திட்டாங்க சார். பணம் பொழங்குற எடத்துல வெக்கக் கூடாதுன்னு..." என்றவர், மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். ஓர் ஊதிய உயர்வும் அவருக்கு நிறுத்தப்பட்டிருந்தது. யந்திரம் குணமாகிவிட்டது, பழி மட்டும் அவர் பெயரில் அப்படியே நின்றது. பிழையைத் திருத்துவது வேறு, பிழைக்கு ஜவாப் சொல்வது வேறு என்பதை அந்தப் பின்கட்டில் நின்றபோதுதான் அறிந்தேன். அன்றிரவே லாட்ஜில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி, தேதி, நேரம், தொகை, டீசல் நோட்டின் குறிப்பு உட்பட நான்கு பக்கம் எழுதி, என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டு, மாவட்ட அதிகாரிக்கு ஒன்றும் அந்த அம்மையாருக்கு ஒன்றுமாகப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பணம் திரும்பக் கிடைத்ததென்றும் மெமோ ரத்தாயிற்றென்றும் பிறகு கேள்விப்பட்டேன். அம்மையார் எனக்குப் பதில் எழுதவில்லை. எழுதக் கடமைப்பட்டவரும் அல்லர். என் கம்பெனியில் அதற்குமேல் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் வேறிடம் போய்ச் சேர்ந்தேன்.

இதை ஓர் ஊர்க் கவுண்டரோடு முடிந்துபோன சங்கதியாகவே வெகுகாலம் மனத்தில் வைத்திருந்தேன். 2009-இல் பிரிட்டனின் 'கம்ப்யூட்டர் வீக்லி' பத்திரிகை, அந்நாட்டுத் தபால் ஆபீஸ்களின் ஹொரைசன் கணக்கு ஏற்பாட்டைப் பற்றி முதலில் எழுதிய செய்தியும், அதன் பின் பல ஆண்டுகள் நீதிமன்றங்களிலும் விசாரணைக் கமிஷனிலும் வெளிவந்த சாட்சியங்களும்தான், நான் கண்டது ஒரு துளி என்பதை எனக்கு உணர்த்தின.

பிரிட்டனில் சிற்றூர்களிலும் தெருக்கோடிகளிலும் தபால் ஆபீஸ் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சம்பள ஊழியர்கள் அல்லர். சொந்தக் கடையின் ஒரு பகுதியில் ஒப்பந்த முறையில் நடத்தும் சப்-போஸ்ட்மாஸ்டர்கள். 1999 முதல் அவர்கள் கணக்கெல்லாம் ஹொரைசன் என்னும் கணிப்பொறி ஏற்பாட்டுக்கு மாற்றப்பட்டது. அதை அமைத்தது, நான் தொழில் கற்ற யந்திரத்தைச் செய்த அதே ஐ.சி.எல்.; பின்னர் அது ஜப்பானின் ஃபுஜிட்சு கம்பெனியின் பெயருக்கு மாறிற்று. கடைகளில் பணம் குறையத் தொடங்கியது. குறைந்ததைக் கட்டு என்றது ஒப்பந்தம். கட்ட முடியாதவர்களைத் திருட்டு, பொய்க்கணக்கு என்று போஸ்ட் ஆபீஸே வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் நிறுத்தியது. 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கு மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளியினரான சீமா மிஸ்ரா என்பவர், வெஸ்ட் பைஃப்ளீட் என்ற ஊரில் 74,000 பவுண்டு திருடினார் என்று 2010-இல் 15 மாதச் சிறை விதிக்கப்பட்டபோது, வயிற்றில் எட்டு வாரக் குழந்தை; அன்று மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள்.

ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரில் நடந்ததைப் படித்தபோது என் கை நடுங்கியது. 2015-இல் அவ்வூர்த் தபால் ஆபீஸில், 8,000 பவுண்டை வேறொரு கிளைக்கு மாற்றுவதற்காக என்டர் பொத்தானை அழுத்தினார்கள், திரை அசையாமல் நின்றது, மறுபடியும் மறுபடியும் அழுத்தினார்கள். ஒவ்வோர் அழுத்தமும் உள்ளே ஒரு தனிப் பதிவாக ஏறி, 24,000 பவுண்டு குறைவதாகக் கணக்குக் காட்டிற்று. காவேரிக் கரையில் மின்தடை செய்ததை அங்கே உறைந்த திரை செய்திருக்கிறது. ஆனால் என் மனத்தை அதிகம் வருத்தியது வேறொன்று. அறியப்பட்ட பிழைகளை எழுதி வைக்க ஃபுஜிட்சுவில் ஒரு பதிவேடு இருந்தது. எந்தக் குறை, எப்படி நேர்கிறது என்றெல்லாம் அதில் எழுதியிருந்தார்கள். சப்-போஸ்ட்மாஸ்டர்களுக்கு அது காட்டப்படவில்லை. உதவி எண்ணுக்கு டெலிபோன் செய்து அழுதவர்களில் பலர், இப்படிப்பட்ட தொல்லை உங்கள் ஒருவருக்குத்தான் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாகச் சாட்சியம் கூறினார்கள். பிழையைத் தெரிந்து வைத்திருப்பது ஒரு மேஜை, பிழையால் அடிபடுவது வேறொரு மேஜை; இரண்டுக்கும் நடுவே ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

அந்த நிரலின் ஒரு துணுக்கும் விசாரணையில் வெளிவந்தது. ஓர் எண்ணின் குறியை மாற்ற, அதாவது வரவைச் செலவாகவோ செலவை வரவாகவோ ஆக்க, எதிரே கழித்தல் குறி ஒன்றைப் போட்டால் போதும். பள்ளிப் பிள்ளையும் அறிந்தது. அங்கே எழுதியிருந்ததோ இப்படி: எண் சுழியைவிடச் சிறியதானால் அதன் குறியை நீக்கிவிடு, இல்லையேல், எண்ணிலிருந்து அதன் இரு மடங்கைக் கழி. நூறை மைனஸ் நூறாக்க, நூறிலிருந்து இருநூறைக் கழிப்பது. விடை சரியாகத்தான் வரும். ஆனாலும், கழித்தல் குறியின் பொருளை அறியாத ஒருவர் கையில் ஒரு தேசத்தின் தபால் கணக்கு இருந்திருக்கிறது என்பதை அந்த நாலு வரி சொல்லிவிடுகிறது. இதை வெளியார் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஹொரைசன் கடைகளுக்குப் போகுமுன், 1998-இல், ஐ.சி.எல்.லின் சொந்தக் குழுவே கண்டு, அந்தப் பகுதியைத் திரும்ப எழுதுவதைப் பரிசீலிக்க வேண்டுமென்று அறிக்கை கொடுத்தது. திரும்ப எழுதப்படவில்லை. அந்த அறிக்கையை எழுதியவர்கள் தங்கள் கடமையைச் செய்தவர்கள். அதைப் படித்துவிட்டு மூடி வைத்தவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

ஆலன் பேட்ஸ் என்ற சப்-போஸ்ட்மாஸ்டர் முன்னின்று, 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், ஹொரைசன் குறையுடையது என்று 2019 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. 2021-இல் 39 பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 2024-இல் பார்லிமெண்ட் ஒரு சட்டத்தின் மூலம் மற்ற நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனைகளையும் நீக்கியது. இந்த விவகாரத்தால் பதின்மூன்று பேரேனும் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று விசாரணைக் கமிஷன் 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

இவ்வளவுக்கும் சட்டமும் ஒரு காரணம். கணிப்பொறித் தஸ்தாவேஜை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொண்டுவருகிறவர், அந்த யந்திரம் ஒழுங்காக வேலை செய்தது என்று நிரூபிக்க வேண்டுமென்ற விதி இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. ஹொரைசன் வந்த 1999-ஆம் ஆண்டிலேயே அந்த விதியை நீக்கச் சட்டம் இயற்றினார்கள். யந்திரம் சரியாகவே இருந்ததென்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லையென்றால், இல்லையென்பதற்கு ஆதாரத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் கொண்டுவர வேண்டும். யந்திரத்தின் உள்ளே பார்க்க அனுமதியில்லாத ஒரு மளிகைக் கடைக்காரர் அந்த ஆதாரத்துக்கு எங்கே போவார்?

நம் நாட்டில் சட்டம் இதைவிட மேலாக இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றது. அச்சான்றிதழ் கட்டாயமென்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதியாகச் சொல்லிற்று. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவு, பதிவைத் தருகிறவர் ஒரு பகுதியிலும் நிபுணர் ஒரு பகுதியிலும் கையெழுத்திடும் சான்றிதழ் கேட்கிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் வேலையையும் கௌரவத்தையும் பறிக்கும் விசாரணைகளில் பெரும்பாலானவை நீதிமன்றத்தில் நடப்பதில்லை. மாவட்ட அலுவலகத்தில், ஒரு மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு நடக்கின்றன. இலாகா விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கடுமையான விதிகள் கட்டாயமில்லை. அம்மையார் உட்கார்ந்திருந்தது அத்தகைய நாற்காலியில்தான். அங்கே யந்திரத்தின் தொகையை ஆதாரமாக வைக்கிறவர், அதன் பதிவுகளையும் அதில் அறியப்பட்ட பிழைகளின் பட்டியலையும் எதிராளிக்குத் தர வேண்டுமென்று ஒரு விதி வர வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பிழை வெறும் பணத்தோடு நிற்பதுமில்லை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும் தெராக்-25 என்ற யந்திரம், 1985-க்கும் 1987-க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிரைச் செலுத்திற்று. அப்படி நேரவே முடியாது என்று தொடக்கத்தில் உற்பத்தியாளர் சொன்னார். டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊர் ஆஸ்பத்திரியில், தட்டிய எழுத்து ஒன்றைத் திருத்த மேலே போய், எட்டு விநாடிக்குள் திருத்தி முடித்தால்தான் அந்தப் பிழை நேர்கிறது என்பதை, அங்கிருந்த பௌதிக நிபுணரும் யந்திரத்தை இயக்கும் ஊழியரும் திரும்பத் திரும்ப முயன்று தாங்களே கண்டுபிடித்தார்கள். யந்திரத்தின் அருகே நாள் முழுதும் இருப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

இப்போது காலம் வேறு. ஃப்ளாப்பி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிய தூரத்தை இன்று ஒரு திருத்தம் ஒரு விநாடியில் கடக்கிறது; பிழையும் அவ்வாறே கடக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற கம்பெனி அனுப்பிய ஒரு சிறு கோப்பு, இருபது விவரம் இருந்த இடத்தில் இருபத்தொன்றாவதைப் படிக்கப் போன ஒரு தவற்றால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் கணிப்பொறிகளை முடக்கியது. 78 நிமிஷத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றும் பயனில்லை. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி பிழையின் மூலத்தை விவரமாக எழுதி வெளியிட்டது. அது மெச்சத் தகுந்த காரியம் என்றே கருதுகிறேன். பெரும்பாலான கம்பெனிகள் அதைச் செய்வதில்லை. நிரலை உள்ளது உள்ளபடியே தருகிறோம், விளைவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் சிறு எழுத்தில் அச்சிட்டு, அதோடு கை கழுவிவிடுகிறார்கள். செருப்புக் கடைக்காரர் இப்படி எழுதினால் யார் வாங்குவார்கள்? ஐரோப்பிய யூனியன் 2024-இல் இயற்றிய விதி, நிரலையும் மற்றச் சரக்குகளைப் போல ஒரு சரக்கென்று கொண்டு, குறையுள்ள நிரலால் விளைந்த சேதத்துக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பருக்குள் அதைத் தத்தம் சட்டமாக்க வேண்டும். தாமதமாக வந்த நியாயம்.

இப்போது நிரலை எழுதுவதும் செயற்கை நுண்ணறிவுதான். அந்தக் கருவியை நான் வெறுப்பவன் அல்லன். 1992-இல் நான் எழுதியதைவிட நேர்த்தியாக அது எழுதுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். சென்ற வருஷம் ஓர் இளைஞர், பணம் செலுத்தும் நிரல் ஒன்றை என் பார்வைக்குக் கொண்டுவந்தார். முக்கால்வாசி அந்தக் கருவி எழுதியது. முப்பது விநாடிக்குள் வங்கியிடமிருந்து பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்பு என்று ஒரு வரி இருந்தது. முதலில் அனுப்பியதும் இரண்டாவது அனுப்பியதும் ஒன்றே என்று வங்கி அறிந்துகொள்ள ஓர் அடையாள எண் இல்லை. "பதில்தானே தம்பி வரவில்லை, பணம் போயிருந்தால்?" என்று கேட்டேன். அவர் திரையையே சிறிது நேரம் பார்த்தார். "அப்படியானால் இரண்டு தடவை போய்விடும் சார்" என்றார். இந்த வரியை ஏன் எழுதினீர்கள் என்றதற்கு, "நான் எழுதவில்லை சார், அது கொடுத்தது, ஓடிற்று, விட்டுவிட்டேன்" என்றார். அவர் புத்திசாலி, கேட்டவுடன் கண்டுபிடித்தார். கேட்க ஆள் இல்லாத இடங்களில் அந்த வரி இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

அதைவிடக் கவலை தருவது கம்பெனிகளின் போக்கு. கனடாவில் ஏர் கனடா விமானக் கம்பெனியின் உரையாடும் கருவி, குடும்பத்தில் துக்கம் நேர்ந்த ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் சொல்லிவிட்டது. அவர் நியாயம் கேட்டபோது, அந்தக் கருவி தன் செயலுக்குத் தானே பொறுப்பான ஒரு தனி வஸ்து என்ற பொருள்பட வாதிட்டது கம்பெனி. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அந்த வாதத்தைத் தள்ளி, கம்பெனியே பொறுப்பு என்று சொல்லி, 650 டாலர் 88 சென்ட் நஷ்டஈடு விதித்தது. தொகை சிறிது, ஆனால் கணக்கப்பிள்ளை ஓடிவிட்டதாகச் சொல்லி முதலாளி தப்பிக்கலாகாது என்பதை அந்தச் சிறு தீர்ப்பு நிலைநாட்டியிருக்கிறது. கருவி தானாக முடிவெடுத்துப் பணம் அனுப்பும், கடனை மறுக்கும், விண்ணப்பத்தை நிராகரிக்கும் என்று சொல்லி விற்கப்படும் இந்நாளில், அத்தகைய ஒவ்வொரு முடிவின் கீழும் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும்; பெயர் போட யாரும் முன்வராத இடத்தில் அந்தக் கருவியை வைக்கலாகாது.

இத்தொழிலில் இன்று நுழைகிற இளைஞர்களிடம் நான் கேட்பது இது. பிழையொன்றைத் திருத்தி முடித்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். அது உயிரோடிருந்த காலத்தில் யார் யார் கணக்கில் விழுந்தது என்று பதிவுகளில் தேடுங்கள். ஃப்ளாப்பிக்காகக் காத்திருந்த எங்களைவிட உங்களுக்கு அதற்கு வசதி அதிகம். கிடைத்த பெயர்களுக்கு, நடந்தது இன்னது, தவறு எங்களுடையது, உங்களுடையது அன்று என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். மேலாளர் 'பிழை' என்ற சொல்லை அடித்தால், அதையே திரும்பவும் எழுதுங்கள். கண்டுபிடித்த அன்றைக்கே எழுதுங்கள்.